சூரைப் புதரில் ஒரு சேவல்

"மூச்சைப் பிடிக்காதீங்கண்ணா," என்றாள் செம்பாயி. "பிடிச்சு வெச்சு விட்டா அதுக்குத்தான் சத்தம் ஜாஸ்தி."

வெள்ளிங்கிரி மூச்சை விட்டார். பாறையின் குளிர் வயிற்றில் ஏறியிருந்தது. கீழே வேங்கை மரத்திலிருந்து ஒரு காட்டுச்சேவல் இறங்கி, கழுத்தை நீட்டி நாலாபுறமும் பார்த்தது. அதன் பின்னால் பெட்டைகள் ஒவ்வொன்றாகச் சருகில் குதித்தன.

"என்ன பாத்தீங்க?"

"சேவலைத்தான் அம்மிணி."

"அதை எல்லாரும் பாப்பாங்க. எந்தக் கிளையில இருந்து எறங்குச்சு, எந்தப் பக்கமாப் போகுது, அதைப் பாருங்க. சேவல் எங்க ஓடிரப்போகுது."

"ஓடிருச்சே."

செம்பாயி கீழே பார்த்தாள். சருகு மட்டும் கிடந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

அவளுக்கு வெள்ளிங்கிரியின் மகள் வயது இருக்கும். அவருக்கு மகள் இல்லை. ஊரில் அவர் செக்கு ஆட்டுகிறவர். காட்டுக்கு விறகு பொறுக்கக்கூட வந்ததில்லை. இந்த வயதில் அவர் தடம் பார்க்கப் பழகுகிறார் என்று கேட்டதும் ஊர் சிரித்தது. செக்கு மாடு கரடு ஏறுகிறது என்றார்கள். செம்பாயியே ஒரு நாள் சொன்னாள். "நேரா நடங்கண்ணா. சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வந்துட்டீங்க."

மாசியில் திருவிழாவுக்குச் சாமி சாட்டி, முனியப்பன் கோயிலில் தப்பட்டை அடித்த பிறகுதான் ஊர் வேட்டைக்குப் போகும். அதுவரை காட்டில் ஓர் அம்பும் பறக்கக் கூடாது. ஆனால் அதற்கு முன்பே யாராவது போய், கோழிகள் எந்த மரத்தில் அடைகின்றன, எங்கே தண்ணீர் குடிக்கின்றன, எங்கே மேய்கின்றன என்று பார்த்துவர வேண்டும். அதை வைத்துத்தான் வேட்டையன்று எவன் எந்த இடத்தில் நிற்பது என்று முடிவு செய்வார்கள். செம்பாயியின் தகப்பன் அதைச் செய்தான். அவனுக்குப் பிறகு அவள் செய்கிறாள். தடம் பார்க்கிறவர்கள் வில்லைத் தொடக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆட்களை நிறுத்துவதோடு அவள் வேலை முடிந்துவிடும்.

வெள்ளிங்கிரி முதல் நாள் அவள் வாசலில் வந்து நின்றபோது, "எனக்குக் காட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது அம்மிணி. பார்வை வேணும்," என்றார்.

அவள் உள்ளே போய், துணி போட்டு மூடிய ஒரு கூடையைக் கொண்டுவந்து அவர் தலையில் வைத்தாள். கூடைக்குள் ஏதோ புரண்டது.

"என்ன இது?"

"நீங்க கேட்டதுதான். பார்வைக் கோழி. இது கூப்பிட்டா காட்டுச்சேவல் பதில் சொல்லும். சேவல் கூப்பிட்டா இது பதில் சொல்லும். காட்டுல எங்க என்ன இருக்குன்னு இதை வெச்சுத்தான் எனக்கே தெரியும்."

"நான் கேட்ட பார்வை வேற."

"எங்க வீட்டுல இருக்கற பார்வை இதுதானுங்க."

அவர் கூடையை இறக்கவில்லை. தலையில் வைத்தபடியே, வந்த காரியத்தைக் கேட்டார்.

"நாச்சிமுத்து மேல பட்டது யாரோட அம்பு?"

நாச்சிமுத்து அவருடைய ஒரே மகன். போன மாசி வேட்டையில், வரிசையை விட்டு முன்னால் போய், ஒரு சூரைப் புதருக்குள் உட்கார்ந்து, காட்டுச்சேவல்களை இழுக்கச் சேவல் போலக் கூவியிருக்கிறான். மேட்டிலிருந்து அம்பு வந்தது. அவனைத் தூக்கி வரும்போதே உயிர் இல்லை.

யாருடைய அம்பு என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. வேட்டைக்குக் கிளம்புமுன் எல்லா அம்புகளையும் முனியப்பன் முன்னால் ஒரே குவியலாகக் கொட்டிவிடுவார்கள். அதிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். அம்பில் அடையாளம் வைக்கக் கூடாது. நான் அடித்தேன் என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் அவனுக்குக் கறியில் பங்கு கிடையாது. அடித்தவன், அடிக்காதவன், நோயாளி, பிள்ளைபெற்றவள், எல்லாருக்கும் ஒரே பங்கு. நல்ல வழக்கம் என்று வெள்ளிங்கிரியும் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பங்கை இலையில் வாங்கி எண்ணெய் விட்டு வதக்கித் தின்றும் இருக்கிறார்.

செம்பாயி திண்ணையில் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஆளை நிக்க வெச்சவ நான்தானுங்க."

"அப்பப் பேரைச் சொல்லு."

"தெரிஞ்சு?"

அவர் இடுப்பில், வேட்டி மடிப்புக்குள், ஒரு சிறிய துணி முடிச்சு இருந்தது. மகனைப் புதைத்த இடத்து மண். தப்பட்டை அடிக்கும் நாளில் முனியப்பன் முன்னால் நின்று, பேரைச் சொல்லி அந்த மண்ணை வாரித் தூற்ற வேண்டும். கொன்றவன் வீட்டில் அதன்பின் விளக்கெரியக் கூடாது. பேர் சொல்லாமல் தூற்றினால் மண் ஊர் முழுவதின் மேலும் விழும். அந்த ஊரில் அவர் மனைவியும் இருந்தாள்.

"தப்பட்டை அடிக்கறதுக்கு முந்தின நாளு சொல்றேன்," என்றாள் செம்பாயி. "அது வரைக்கும் கூடையைத் தூக்கிட்டு என்கூட வாங்க."

அப்படித்தான் அவர் அவளுக்கு மாணவரானார். ஒருமுறை அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தார். "கூடையில இருக்கறவளைக் கூப்பிடுங்க அப்படி," என்றாள் அவள்.

தினமும் விடியும்போது காட்டுக்குப் போனார்கள். வெயில் ஏறியதும் அவர் திரும்பிவந்து செக்கைப் பூட்டினார். எண்ணெய்க்கு ஆட்கள் வந்தார்கள். வில் பிடிக்கிறவர்கள் வந்தால் அவர் எண்ணெயை மெல்ல ஊற்றினார். பாத்திரம் பிடித்த கை நடுங்குகிறதா என்று பார்த்தார். துக்கத்தன்று சத்தம் போட்டு அழுதவன் மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. அழாமல் நின்றவன் மேலும் இருந்தது. கண்ணைப் பார்த்துப் பேசுகிறவன் துணிந்தவன். பார்க்காதவன் பயந்தவன். ராத்திரிச் சோற்றில் கை வைத்தபடி அவர் ஒவ்வொரு முகமாக எடுத்துப் பார்த்தார்.

"பேரைத் தெரிஞ்சுட்டு வராதீங்க," என்றாள் அவர் மனைவி. "அப்புறம் அதை எங்க வெக்கறது இந்த வீட்டுல?"

அவர் கையைக் கழுவினார்.

ஒரு நாள் செம்பாயி அவரை ஒரு கருவேல மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். தரையில் சட்டி அளவுக்கு ஒரு குழி இருந்தது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் இறகு.

"என்ன குழி இது?"

"மண்ணு குளிக்கற எடம். நமக்குத் தண்ணி. கோழிக்கு மண்ணு. பொடி மண்ணை வாரி மேல போட்டுட்டு உதறுனாத்தான் அதுக்குப் பேன் போகும், ஒடம்பு அடங்கும்."

அவள் குழியில் விரலை விட்டுப் பார்த்தாள். கோடைக்கு முன்னால் பெய்த மழையில் மண் இறுகிக் கட்டியாகக் கிடந்தது.

"வராதுங்க இனி. மண்ணு கெட்டியாயிருச்சு."

உட்கார்ந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நொறுக்கினாள். அதற்குள் இன்னொரு கட்டி இருந்தது. அவரும் குனிந்தார். குனிந்தபோது அவர் கை தானாக இடுப்பு முடிச்சைத் தொட்டது.

"இடுப்புல என்னங்ணா?"

"மண்ணு."

"எந்த மண்ணு?"

அவர் கட்டியை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள், ஓடைக்கரையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேட்டில் ஒரு சேவல் கூவியது. கூடைக்குள்ளிருந்து உடனே கோழி குரல் கொடுத்தது.

"இப்பப் பாருங்க," என்று சொல்லி செம்பாயி உள்ளங்கைகளைக் குவித்து வாயில் வைத்தாள். அதே சேவல். அதே இழுப்பு, அதே முறிவு. ஓடைக்கு அப்பால் ஒரு காட்டுச்சேவல் கோபமாகப் பதில் கூவியது. கூடை பேசாமல் இருந்தது.

"சேவல் ஏமாந்திருச்சு," என்றார்.

"சேவலுக்கு எப்பவும் இன்னொரு சேவல் நினைப்பு. அது ஏமாறும். இவ ஏமாற மாட்டா. மனுசன் கூவுனா இவ வாயே தெறக்க மாட்டா."

வெள்ளிங்கிரி அவள் கைகளைப் பார்த்தார். நாச்சிமுத்து செக்கு மேல் உட்கார்ந்து மாட்டை ஓட்டும்போது இப்படித்தான் கையைக் குவிப்பான். அவன் கூவினால் பக்கத்து வீட்டுச் சேவல் எதிர்க்கூவல் போடும். கூவாதே, மாடு மிரளும் என்று அவர் திட்டுவார்.

"அவனுக்கு நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"ஆமாங்க. என்னைவிட நல்லாக் கூவுவான்."

ஓடையில் தண்ணீர் கொஞ்சமாக ஓடியது.

"அன்னிக்கு நான் எதிர்க் கரட்டுல இருந்தேன்," என்றாள். "சூரைப் புதருக்குள்ள சேவல் கூவுச்சு. இவ பதில் சொல்லலை. தூங்கறாளான்னு துணியை எடுத்துப் பாத்தேன். முழிச்சுத்தான் இருந்தா. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. எந்திரிச்சுக் கத்துனேன். காத்து எம்மேல அடிச்சுது. எறங்கி ஓடுனேன். ஓடையைத் தாண்டறதுக்குள்ள..."

அவள் கூடையின் துணியைச் சரிசெய்தாள்.

"ஓடியும் பாத்தேனுங்க," என்றாள்.

தப்பட்டை அடிக்க இரண்டு நாள் இருக்கும்போது அவள் ஒன்றைச் சொல்லி அனுப்பினாள். "நாளைக்கு வரும்போது ஒரு வில்லு இரவல் வாங்கிட்டு வாங்க. அம்பு வேண்டாம். வழக்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அவர் நாலாவது வீட்டுச் சென்னியப்பனிடம் கேட்டார். நாச்சிமுத்துவின் வயதுதான் அவனுக்கும். இருவரும் சேர்ந்து ஓடையில் மீன் பிடித்தவர்கள். அவன் எதற்கென்று கேட்கவில்லை. பரணிலிருந்து வில்லை எடுத்தான். அதன் மேல் ஒட்டடை படிந்திருந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்து குடுத்தர்றேன்."

"வேண்டாம் மாமா. நீங்களே வெச்சுக்குங்க. போன வருசத்துல இருந்து நான் தொடலை."

சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். வெள்ளிங்கிரி தெருவில் நின்றார். வில்லைப் பிடித்த கையில் ஒட்டடை பிசுபிசுத்தது. துக்கத்தன்று இவன் அழுதானா என்று யோசித்தார். அழுததும் நினைவில் இல்லை, அழாததும் நினைவில் இல்லை.

விடிகாலையில் கரடு ஏறும்போது அவர் கால் தடுக்கவில்லை. நேராக நடந்தார்.

"சென்னியப்பன்தானே?" என்றார்.

செம்பாயி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நீ சொல்லவே வேண்டாம். ஆமாம்னா தலையை ஆட்டு. போதும்."

"மூச்சு வாங்குது பாருங்க. பேசாம வாங்க."

அவள் அவரை ஒரு மேட்டில் நிறுத்தினாள். அவருக்கு இடம் தெரிந்தது. கீழே சரிவில் உண்ணிச்செடிகளும் சூரைப் புதர்களுமாக மண்டிக் கிடந்தன. அதில் ஒரு புதரைப் பார்க்காமல் இருக்க அவர் பக்கத்திலிருந்த, முன்பு மண் குளிக்கும் குழி பார்த்த கருவேலமரத்தைப் பார்த்தார்.

"இங்கதான் ஆளு நின்னது," என்றாள் செம்பாயி. "இன்னிக்கு நீங்க நில்லுங்க. கூடை உங்ககிட்ட இருக்கட்டும். நான் அந்தப் பக்கம் போய்க் கோழி எறங்குதான்னு பாத்துட்டு வர்றேன். சேவல் கூவுற புதருக்கு நேரா வில்லை வெச்சு நாணை இழுத்து விடுங்க. அம்புதான் இல்லையே, ஒண்ணும் ஆகாது. நீங்க கத்துக்கிட்டதை நான் பாக்கணும்."

"அப்புறம் பேரைச் சொல்லுவியா?"

"சொல்றேன்."

அவள் இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் செடிகளுக்குள் மறைந்தாள்.

அவர் நாணில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். இடது பக்கம், தூரத்தில் ஒரு சேவல் கூவியது. கூடை பதில் சொன்னது. தூரம் அதிகம் என்று விட்டுவிட்டார். காற்று நின்றது. காலடியில் எறும்பு ஊர்ந்தது. சென்னியப்பன் இங்கேதான் நின்றிருப்பான், இப்படித்தான் காலை அகட்டி வைத்திருப்பான் என்று நினைத்தார். நினைக்க நினைக்க அவர் தோள் இறுகியது.

அப்போது நேர் கீழே, சூரைப் புதருக்குள், சேவல் கூவியது.

எத்தனையோ நாள் செக்கு மேலிருந்து கேட்ட கூவல் அது. மாடு மிரளும் என்று அவர் திட்டிய கூவல். கையில் வில் இருந்ததால் அது சேவலாக மட்டும் கேட்டது. வில்லைத் தூக்கினார். இலைகளுக்கு நடுவில் ஏதோ அசைந்தது. செம்மையாகவும் இருந்தது, சாம்பலாகவும் இருந்தது. கொண்டையைக்கூடக் கண்டதாக அவருக்குத் தோன்றியது. நாணைக் காது வரை இழுத்து விட்டார்.

நாண் ஒலித்து அடங்கியது.

புதர் விலகியது. செம்பாயி எழுந்து நின்றாள். முந்தானை முள்ளில் மாட்டியிருந்தது. அதை மெல்ல எடுத்துவிட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள்.

வெள்ளிங்கிரி வில்லை இறக்கவில்லை. நாண் அடித்த முன்கையில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடை பேசுச்சுங்களா?" என்று கேட்டாள்.

அவர் கூடையைப் பார்த்தார். அது காலடியிலேயே இருந்தது.

"கவனிக்கலை," என்றார்.

அவள் கூடையிலிருந்து கோழியை எடுத்தாள். காலில் கயிற்றைக் கட்டி, கருவேலமரத்தடியில் விட்டாள். மரத்தடியில் அந்தப் பழைய குழி இருந்தது. கோழி அதைக் காலால் கிண்டிப் பார்த்தது. கட்டிகள் புரண்டன. கிண்டுவதை விட்டுவிட்டு நின்றது.

கோழியைப் பார்த்தபடி அவர் கேட்டார்.

"சென்னியப்பனா?"

"சென்னியப்பன் வில்லைத் தொடறதை விட்டுட்டான். தெரியும். அவனைப் போல இன்னும் ரெண்டு பேரு விட்டுட்டாங்க. இந்த மேட்டுல நான் நிக்க வெச்சது மூணு பேரை. மூணு பேரும் சேவல்னு நெனச்சுத்தான் அம்பை விட்டாங்க. பட்டது ஒரு அம்பு. எல்லா அம்பும் ஒண்ணு போலத்தானுங்களே இருக்கும். அது தன்னோடதுன்னு மூணு பேரும் நெனச்சுட்டு இருக்காங்க."

"அப்ப யாருக்குமே தெரியாதா?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"பேரு சொல்றேன்னியே அம்மிணி."

செம்பாயி முழங்கையில் குத்தியிருந்த ஒரு முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்கியதைக் கீழே போட்டாள்.

"சொல்றேனுங்க. சூரைப் புதரைப் பாத்து இந்த மேட்டுல நின்னு நாணை விட்டது, செக்குக்காரர் வெள்ளிங்கிரி."

அவர் வில்லை மரத்தில் சாய்த்துவைத்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

வெயில் சரிவில் இறங்கியது. தூரத்தில், ஊர்ப்பக்கம், நாளைக்காகத் தப்பட்டையைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்க்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. செம்பாயி கூடைத் துணியை உதறி மடித்தாள்.

வெள்ளிங்கிரி குழியின் ஓரத்தில் குந்தினார். கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டார். பிறகு இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்து, பல்லால் கடித்து அவிழ்த்தார். ஒரு வருஷமாக விரல் பட்டுப் பட்டு அந்த மண் மாவாகியிருந்தது. அதைக் குழியில் கொட்டி, உள்ளங்கையால் பரத்திவிட்டு, கோழி வருவதற்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.